படம் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான்: ரெப்டைல் டேட்டாபேஸுடன் என் அனுபவம்

பாம்புத் தலை வரைவது என் பிழைப்பு. ஆய்வாளர்கள் புதிய பாம்பு ஒன்றை விவரித்துக் கட்டுரை எழுதும்போது, தலையை மேலிருந்து, பக்கவாட்டில், அடியிலிருந்து என்று மூன்று கோட்டுப் படங்களாகப் போடுவார்களே, அந்த வேலை. புகைப்படம் இருக்கும்போது ஓவியம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஃபார்மலினில் பதப்படுத்தி, அப்புறம் 70 சதவீத ஆல்கஹாலில் பல வருடம் ஊறிய பாம்பை ஒரு தடவை படம் எடுத்துப் பாருங்கள். உயிரோடு இருந்தபோது இருந்த பச்சையும் மஞ்சளும் போய் எல்லாம் ஒரே வெளிர்பழுப்பு. ஈரத்தில் விளக்கு பட்டுப் பளபளக்கும். செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே ஓடும் கோடு எங்கே என்றே தெரியாது. அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்துத் தாளில் கொண்டுவருவதற்குத்தான் எனக்குக் கூலி.

இந்த வேலைக்காக நான் தினமும் திறந்து வைத்திருக்கும் தளம் ரெப்டைல் டேட்டாபேஸ். ஏழெட்டு வருடமாகப் புழங்குகிறேன், ஆனாலும் இதைப் பற்றி நாலு வரி எழுதியதில்லை. சமீபத்தில் ஒரு நண்பர் போய்ப் பார்த்துவிட்டு, "இதென்ன, பழைய காலத்துத் தொலைபேசிப் புத்தகம் மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் பார்த்த விதம் தப்பு. அதனால் இது.

முதலில் தளம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். 1995-ல் பீட்டர் யூட்ஸ் என்ற உயிரியலாளர் தொடங்கியது. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட பாம்பு, பல்லி, ஆமை, முதலை எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பக்கம். மொத்தம் 12,000 இனங்களுக்கு மேல். பாம்புகள் மட்டுமே 4,000-ஐத் தாண்டும். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரே அச்சு: பெயர், பழைய பெயர்கள், எங்கே வாழ்கிறது, மூலமாதிரி (பெயர் வைக்கும்போது ஆதாரமாகக் காட்டிய உடல்) எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எப்படி அடையாளம் காண்பது, பெயருக்கு என்ன பொருள், எந்தக் கட்டுரைகள். படம் சிலவற்றுக்கு இருக்கும், பலவற்றுக்கு இருக்காது. அழகான பாம்புப் படங்களுக்காகப் போகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

இந்த மாதிரித் தளங்களை எடைபோட எனக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் எளிதில் போக முடியாத தீவின் பாம்பு ஒன்றைத் தேடிப் பார்ப்பேன். எங்கும் திரிகிற பாம்பைப் பற்றி எந்தத் தளமும் நன்றாகத்தான் சொல்லும். தீவுப் பாம்பு வேறு. படகு கிடைத்தால் போகலாம், போனாலும் சில நாள்தான் தங்கலாம். கையில் கிடைப்பது இரண்டோ மூன்றோ மாதிரிகள். நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ பென்சிலில் எழுதிய சீட்டுதான் சில சமயம் ஒரே ஆதாரம். அங்கே ஒரு தளம் தடுமாறுகிறதா இல்லையா என்று பார்த்தால் போதும்.

வெள்ளிப் போவாவில் தொடங்குவோம். போவா என்பது மலைப்பாம்பு மாதிரி இரையை நெரித்துக் கொல்லும் பாம்பு வகை. பஹாமாஸில் கன்செப்ஷன் தீவுத் திட்டில் 2015 ஜூலையில் ஆய்வாளர் கிரஹாம் ரெனால்ட்ஸின் குழு பார்த்த பாம்பு. முதல் பாம்பு வெள்ளிப் பனை மரம் ஒன்றில் இருந்தது. இன்னொன்று, கடற்கரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ரெனால்ட்ஸின் தலைமேலேயே ஏறிவிட்டதாம். மேற்கிந்தியத் தீவுகளில் புதிய போவா கிடைத்து அப்போது 73 வருடம் ஆகியிருந்தது. செய்திகளில் எல்லாம் அந்தத் தலைமேல் ஏறிய கதைதான். தளத்தில் அதைத் தேடாதீர்கள். அங்கே இருப்பது கைலாபோத்ரஸ் அர்ஜென்டம் என்ற பெயர், பெயர் வைத்த ஐந்து பேர், 2016 என்ற ஆண்டு, மூலமாதிரி ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் தகவல், அர்ஜென்டம் என்றால் வெள்ளி என்ற விளக்கம்.

பாம்பைப் பார்த்தது 2015. பக்கத்தில் இருப்பது 2016. நண்பர் இதைப் பிழை என்றே நினைத்தார். கணக்கு அப்படித்தான்: பாம்பு உன் தலைமேல் ஏறினாலும் சரி, கட்டுரை அச்சாகும் நாளில்தான் அதற்குப் பெயர். அதுவரை அதன் டிஎன்ஏவைப் பக்கத்துத் தீவு போவாக்களோடு ஒப்பிட வேண்டும், செதில் எண்ண வேண்டும், ஏற்கெனவே யாராவது பெயர் வைத்துவிட்டார்களா என்று பழைய கட்டுரைகளைத் துழாவ வேண்டும். கடைசி வேலைக்குத்தான் இந்தத் தளம் கைகொடுக்கிறது.

அடைப்புக்குறி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தளத்தில் இதை யாரும் விளக்குவதில்லை. சில பாம்புகளில் பெயர் வைத்தவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அச்சுப் பிழை என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். முதலில் வைத்த பேரினத்திலேயே (நெருங்கிய இனங்களின் கூட்டம், பெயரின் முதல் சொல் அதுதான்) பாம்பு இன்னும் இருந்தால் அடைப்புக்குறி கிடையாது. பிற்பாடு வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டால் அடைப்புக்குறி வந்துவிடும். வெள்ளிப் போவாவுக்கு இல்லை. பார்படாஸ் தீவின் நூல்பாம்புக்கு உண்டு: பிளேர் ஹெட்ஜஸ் 2008-ல் லெப்டோடிஃப்ளாப்ஸ் கார்லே என்று வைத்தார், அடுத்த வருடமே டெட்ராகைலோஸ்டோமா என்ற பேரினத்துக்கு அது குடிபெயர்ந்தது. இரண்டு வளைகோட்டில் இவ்வளவு கதை.

அந்த நூல்பாம்பு பற்றிக் கொஞ்சம் பேசலாம், எனக்குப் பிடித்த பக்கம் அது. முழுதாக வளர்ந்தாலும் சுமார் 10 சென்டிமீட்டர். ஸ்பகெட்டி இழை அளவு தடிமன். உலகிலேயே சிறிய பாம்பாகச் சொல்லப்படுவது. கிட்டத்தட்ட இருபது வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2025 மார்ச்சில்தான் ஒரு கல்லுக்கு அடியில் மறுபடி அகப்பட்டது. அகப்பட்டதும் ஆட்கள் குதிக்கவில்லை. எடுத்துப்போய் மைக்ரோஸ்கோப்பில் வைத்துத்தான் உறுதி செய்தார்கள். காரணம், அதே தீவில் பார்க்க அதே மாதிரி இன்னொன்று இருக்கிறது: நாம் புழுப்பாம்பு என்று சொல்வது. அது பூத்தொட்டி மண்ணோடு சேர்ந்து கப்பலேறி உலகம் பூராவும் பரவியது. ஆங்கிலத்தில் அதன் பெயரே பூத்தொட்டிப் பாம்பு. ஆணே கிடையாது, எல்லாம் பெண். ஒன்று போய் இறங்கினால் போதும், ஒரு தீவு நிரம்பிவிடும்.

இரண்டையும் பிரிப்பது எப்படி? உடம்பின் நடுப்பகுதியைச் சுற்றிச் செதில் வரிசைகளை எண்ண வேண்டும். பார்படாஸ் நூல்பாம்பில் 14, புழுப்பாம்பில் 20. சொல்லும்போது எளிது. ஸ்பகெட்டியைச் சுற்றி 20 வரிசை எண்ணிப் பாருங்கள். நான் ஒரு தடவை ஊசி முனையால் ஒவ்வொரு செதிலாகத் தொட்டு எண்ணினேன். பாம்பைப் பாதி திருப்பும்போது எந்த வரிசையில் விட்டேன் என்பது மறந்து, மறுபடி முதலிலிருந்து. அன்று மதியம் முழுக்க ஒரே பாம்பு. அந்த நேரத்தில் திரையில் இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்துத் திறந்துவைத்து எண்களைச் சரிபார்க்க முடிந்தது பெரிய ஆறுதல்.

அடுத்தது, தளத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் வரி: மூலமாதிரி வரி. வெறும் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். எம்சிஇசட் என்றால் ஹார்வர்டு, யுஎஸ்என்எம் என்றால் ஸ்மித்சோனியன், கேயு என்றால் கான்சாஸ் பல்கலைக்கழகம். உலகத்தில் அந்தப் பெயருக்குச் சொந்தமான ஒரே உடல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதற்கான முகவரி அது. இனி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஜாடியைத்தான் திறக்க வேண்டும்.

இந்த வரியின் அருமை எனக்குப் புரிந்தது லெவிடோனியஸ் மிரஸ் பக்கத்தில். பிலிப்பைன்ஸின் சமார், லெய்ட்டே தீவுகளின் பாம்பு. நீளம் அதிகபட்சம் 172 மில்லிமீட்டர், ஒரு பென்சில் அளவு. செதிலில் வானவில் மாதிரி நிறம் ஓடும். 2006-க்கும் 2012-க்கும் இடையே பிடித்து கான்சாஸ் பல்கலைக்கழகச் சேகரிப்பில் வைத்திருந்தார்கள், வேறு ஒரு பேரினத்தின் பெயரில். ஜெஃப் வைனல் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்தப் பேரினத்தை ஆராய்வதற்காக டிஎன்ஏ எடுத்துப் பார்த்தால், இது மட்டும் குடும்ப மரத்தில் எங்கோ வேறு கிளையில் போய் உட்காருகிறது. மாதிரி கலந்துவிட்டது, தப்பு நடந்துவிட்டது என்றுதான் அவரே முதலில் நினைத்திருக்கிறார். அப்புறம் சிடி ஸ்கேன் எடுத்தால், பாம்புகளிலேயே மிகக் குறைந்த முதுகெலும்புக் கணுக்கள் கொண்டவற்றில் ஒன்று. புதிய இனம் மட்டும் இல்லை, புதிய பேரினமே. 2020 டிசம்பரில் கட்டுரை வந்தது. மிரஸ் என்றால் லத்தீனில் எதிர்பாராதது, வியப்பானது. பாம்பு பிடிபட்டது தீவில். புதியது என்று தெரிந்தது பல வருடம் கழித்து, கடல் தாண்டிய ஓர் ஆய்வகத்தில்.

பழைய பெயர்கள் பகுதி பார்க்க அலுப்பாக இருக்கும். வரி வரியாகப் பெயர், ஆண்டு, பக்க எண். ஆனால் ஒரு பாம்பின் வழக்கு வரலாறு அதில்தான். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

மெக்சிகோ கரையிலிருந்து 400 மைலுக்கும் மேல் தள்ளி பசிபிக் கடலில் கிளாரியன் என்று ஒரு தீவு. வில்லியம் பீப் என்ற இயற்கையியலாளர் 1936-ல் அங்கே இரவில் ஒரே ஒரு பாம்பைப் பிடித்தார். அதற்குப் பிறகு போன யாருக்கும் அது கிடைக்கவில்லை. பீப் சீட்டில் தீவின் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவு கட்டி, அந்தப் பாம்பையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2013-ல் டேனியல் மல்கஹி, ஹுவான் மார்டினெஸ் கோமெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பீப்பின் களக்குறிப்பை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு கடற்படைத் துணையோடு போனார்கள். கறுத்த எரிமலைப் பாறை, கறுத்த பாம்பு, அதுவும் இரவில்தான் வெளியே வரும். பதினொன்று கிடைத்தன. டிஎன்ஏ பார்த்து, ஹைப்சிக்லீனா உனாஓகுலாரஸ் தனி இனம்தான் என்று 2014-ல் எழுதினார்கள். பீப் எழுதிய சீட்டு சரி. தளத்தில் இந்தப் பரபரப்பு எதுவும் இல்லை, பழைய பெயர் வரிகளும் கட்டுரைக் குறிப்பும்தான். நான் அந்தக் கட்டுரைக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கதையைப் படித்தேன்.

இன்னொன்று ஆப்பிரிக்காவுக்கு மேற்கே சாவ் டோமே தீவின் கறுப்பு நாகம். எலிகளை ஒழிக்கப் போர்ச்சுகீசியர்கள் கண்டத்திலிருந்து கொண்டுவந்து விட்ட காட்டு நாகம் அது என்று வெகுகாலம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்தேறி என்றால் அதற்குத் தனிப் பெயரும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. லூயிஸ் செரியாக்கோவும் சகாக்களும் 2017-ல் செதில், நிறம், டிஎன்ஏ எல்லாம் ஒப்பிட்டு, இது அந்தத் தீவுக்கே உரிய தனி இனம் என்று காட்டி நாஜா பெரோஎஸ்கோபாரி என்று பெயர் வைத்தார்கள். பேரோ எஸ்கோபார் என்ற போர்ச்சுகீசிய மாலுமியின் பெயர் அது. ஆக, பாம்பைக் கொண்டுவந்து விட்டதாகப் பழி சுமந்த அதே நாட்டு மாலுமியின் பெயரே பாம்புக்கு. யாராவது சிரித்துக்கொண்டுதான் வைத்திருப்பார்களோ என்னவோ.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

ஒரு தடவை படத்துக்கான குறிப்பு எழுதும்போது வயிற்றுச் செதில்களை எண்ணினேன். தளத்தில் இருந்த எண்ணைவிட ஒன்று கூடுதலாக வந்தது. இரண்டாம் முறையும் அதே. தளம் தப்பு என்று உறுதியாகி, எனக்கு வேலை தந்த ஆய்வாளருக்குக் கொஞ்சம் மிதப்பாகவே மின்னஞ்சல் எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "வாலுக்கு முன்னால் இருக்கும் கடைசிச் செதிலையும் சேர்த்தீர்களா?" சேர்த்திருந்தேன். 1951-ல் டௌலிங் என்ற பாம்பு ஆய்வாளர் வகுத்த முறைப்படி மலவாயை மூடும் செதிலை வயிற்றுச் செதில் கணக்கில் சேர்க்கக் கூடாது. தொடங்குவதும் தொண்டையில் கண்ட இடத்திலிருந்து இல்லை, இரண்டு பக்கமும் முதுகுச் செதிலின் முதல் வரிசை வந்து தொடும் செதிலிலிருந்து. எண் சரி, என் எண்ணிக்கைதான் பிசகு. ஆனாலும் இதில் தளத்தைப் பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அங்கே தரும் எண்கள் மூலக் கட்டுரையிலிருந்து எடுத்தவை. எந்த முறையில் எண்ணியது என்பது கட்டுரையில்தான் இருக்கும். பழைய கட்டுரைகள் வேறு விதமாக எண்ணியிருக்கலாம். ஒரு செதில் கூடக் குறைய இருப்பதை வைத்து "புது இனம்!" என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

மூலக் கட்டுரைக்குப் போவது பாதி எளிது, பாதி வழுக்குமரம். பழையவற்றுக்குப் பெரும்பாலும் இணைப்பு இருக்கிறது. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். 1870-ல் அச்சான பக்கத்தைப் படுத்துக்கொண்டே கைபேசியில் படிப்பதெல்லாம் சுகம். புதிய கட்டுரைகள் பலவற்றில் சொடுக்கினால் பணம் கட்டும் கதவில் போய் முட்டும். அதற்குத் தளம் என்ன செய்யும்? நான் நேராகக் கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்பேன். பாம்புக்காரர்கள் பொதுவாகத் தாராளமானவர்கள், அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

வாழிடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டாமல் தீவு, மாவட்டம் என்று சொற்களில் எழுதியிருப்பது சிலருக்குக் குறையாகப் படும். எனக்கு அதில் நிம்மதி. இதே தளத்தில் ரோட்டி தீவின் பாம்புக்கழுத்து ஆமைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. இந்தோனேசியாவின் சின்னத் தீவு. 1994-ல் தனி இனமாக விவரித்தார்கள். அதற்கு முன்பிருந்தே வளர்ப்புப் பிராணிச் சந்தைக்காரர்கள் கண் வைத்திருந்தார்கள். தனிப் பெயர் வந்ததும் விலையும் ஏறியது, காட்டில் ஆமைகள் கிட்டத்தட்ட துடைத்தெடுக்கப்பட்டன. வெள்ளிப் போவாவோ மொத்தமே ஆயிரத்துக்குள்தான் இருக்கும் என்று விவரித்தவர்களே சொல்கிறார்கள், காடேறிப்போன வீட்டுப் பூனைகள் வேறு வேட்டையாடுகின்றன. இப்படிப்பட்ட பாம்புக்கு எந்த மரம், எந்தப் பாறை என்று துல்லியமாக எழுதி வைப்பது வழி காட்டுவது மாதிரிதான்.

தேடல் பெட்டி பற்றி ஒரு வார்த்தை. எளிய தேடலில் பெயரை ஓர் எழுத்து மாற்றி அடித்தாலும் கையை விரித்துவிடும். மேம்பட்ட தேடலுக்குப் போங்கள். அங்கே இடத்தின் பெயரை மட்டும் போட்டுப் பார்க்கலாம். கலபகோஸ் என்று போட்டால் அந்தத் தீவுக்கூட்டத்தின் ஊர்வன எல்லாம் வரிசையாக வரும். பாம்புகளில் டார்வினி, தாமசி போன்றவற்றுக்கு 2018 என்று ஆண்டு போட்டிருக்கும். டார்வின் போய் வந்து, உலகமே போய் வந்து, அங்கேயும் இன்னும் பெயரில்லாத பாம்பு மிச்சம் இருந்திருக்கிறது. நான் பொழுது போகாதபோது செய்வது இதுதான், ஒவ்வொரு தீவாகப் போட்டு ஆண்டுகளைப் பார்ப்பது. போன தடவை கிரேட் நிக்கோபார். 2025-ல் வந்த லைக்கோடான் இர்வினி, பளபளக்கும் கறுப்பு ஓநாய்ப்பாம்பு, தொலைக்காட்சியில் முதலைகளோடு வந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் பெயரில். மொத்தம் நாலே நாலு மாதிரிகளை வைத்து விவரித்தது. அருங்காட்சியக ஜாடியில் கறுப்பு மட்டும்தான் நிறம் மாறாமல் கொஞ்சம் தாங்கும். அதை வரைந்தவருக்கு நிறத்தில் சிரமம் இருந்திருக்காது, பளபளப்பில்தான் உயிர் போயிருக்கும்.

இல்லாமல் போன பாம்புகளின் பக்கங்களும் அப்படியே இருக்கின்றன, எடுப்பதில்லை. மொரீஷியஸ் அருகே ரவுண்ட் தீவின் குழிபறிக்கும் போவா கடைசியாக 1975-ல் பார்க்கப்பட்டது. மற்ற பாம்புகளுக்கு இருக்கிற அதே தலைப்புகள் அதற்கும்.

யாருக்கு இந்தத் தளம்? தோட்டத்தில் பார்த்த பாம்பு விஷமா இல்லையா என்று கேட்பவருக்கு இல்லவே இல்லை. அவர்கள் உள்ளூர்க் கையேட்டையோ தெரிந்த ஆளையோ கேட்கட்டும். செய்தியில் "புதிய பாம்பு கண்டுபிடிப்பு" என்று படித்துவிட்டு, உண்மையா, யார் சொன்னது, எத்தனை மாதிரி, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நோண்டத் தோன்றுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் அந்தத் தேடல் பெட்டிக்காகக் குறைத்தது.

ஒரு யோசனை: முழு இனப்பட்டியலை விரிதாளாகப் பதிவிறக்கிக்கொள்ள வசதி இருக்கிறது. எடுத்து வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் பெயர், ஆண்டு சரிபார்க்கலாம். வருடத்தில் சில தடவை புதுப்பிக்கிறார்கள், அதனால் கோப்பின் பெயரோடு மாதத்தையும் எழுதி வையுங்கள். பக்கத்தில் பிழை கண்டால் ஆதாரக் கட்டுரையோடு எழுதி அனுப்பலாம். அனுப்புவதற்கு முன், கடைசிச் செதிலைச் சேர்த்து எண்ணினீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.